இருபது, நாற்பது, எண்பது

பள்ளிக்கூடத்தை மூடிய மறு வருடம்
அதன் உடற்பயிற்சிக் கூடத்தில்
தொட்டிகள் வந்திறங்கின.
மூன்றும் ஒரே வயது, ஒரே வயிறு,
ஆளுக்கு ஆயிரம் லிட்டர்.
கூடைப்பந்து வளையம் இன்னும் சுவரில் இருக்கிறது.
அதில் கட்டித் தொங்கும் விளக்குதான்
லெட்டூஸுக்குச் சூரியன்.

முதல் தொட்டியில் இருபது திலேப்பியா.
அடுத்ததில் நாற்பது.
கடைசியில் எண்பது.
"எது தாங்குகிறது பார்ப்போம்" என்றார் உர்மாஸ்.
எண்ணுவது, நிறுப்பது, எழுதுவது என் வேலை.
வெளியே எஸ்தோனியாவின் ஜனவரி, மைனஸ் பதினெட்டு.
உள்ளே இருபத்தேழு டிகிரியில்
ஆப்பிரிக்க ஏரியின் மூன்று துண்டுகள்.

மீன் கழித்ததை நுண்ணுயிர் தின்னும்,
நுண்ணுயிர் விட்டதை வேர் தின்னும்,
வேர் வடித்த நீர் மீனுக்கே திரும்பும்.
சொல்லும்போது எவ்வளவு சுத்தம்!
கிட்டப் போனால் கணக்கு உதைக்கிறது.

இருபதின் வீட்டில் கீரை வெளிறியது,
அடியிலை முதலில்,
காமாலைக்காரன் கண்போல.
மீன்கள் கொழுத்து, மெத்தனமாய்,
ஒன்றின் முகத்தை ஒன்று பாராமல் திரிந்தன.
ஊட்ட ஆளில்லாத வேர்கள்
நீண்டு நீண்டு
வெறுந்தண்ணீரைத் துழாவின.

எண்பதின் வீட்டில்
சதகுப்பை என் இடுப்புக்கு வந்தது,
லெட்டூஸ் வெட்ட வெட்டத் தழைத்தது.
குனிந்து பார்த்தால்தான்
வால் கிழிந்தவை தெரியும்,
ஒரு கண் போனவை தெரியும்,
நாலு தீனி விழுந்தால்
தண்ணீரே கொதித்தெழுவது தெரியும்.
இங்கே ஒரு மீன் சராசரி இருநூற்று நாற்பது கிராம்.
இருபதில் நானூற்றுப் பத்து.
"மொத்த எடையைச் சொல்" என்றார் உர்மாஸ்.
பெருக்கினேன். எண்பதே ஜெயித்தது.
நாற்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நன்றாய் இருப்பவர்களைப் பற்றி
என்ன பேச்சு இருக்கிறது?

நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு அறுபது கதவு.
சுரங்கம் மூடியபின்
விளக்கெரியும் ஜன்னல் ஒன்பது.
இரண்டாம் மாடியில் நான் இருமினால்
இருமல் ஐந்தாம் மாடிவரை ஏறிப்போய்
ஆளில்லை என்று திரும்பி வரும்.
வெந்நீர்க் குழாய்க்கு ஒன்பது பேர் பங்கு போட்டுக் கட்டுகிறோம்.
இதை எழுத என் அட்டவணையில் கட்டமில்லை.

பிப்ரவரியில் ஒரு புயல் ராத்திரி
மின்சாரம் போனது.
"பம்பு பேசவில்லை" என்று
காவல்கார வாலெரி ஃபோன் செய்தான்.
பைஜாமாமேல் கோட்டு, காலில் யாருடைய பூட்ஸோ,
முழங்கால் பனியில் ஓடினேன்.

செல்ஃபோன் வெளிச்சத்தில்
இருபது அசையாமல் உறங்கின.
நாற்பது லேசாய்க் கலங்கியிருந்தன.
மூன்றாவதில்
நீர்மட்டம் முழுக்க வாய்கள்,
வட்டம் வட்டமாய்,
சத்தமே இல்லாமல்
கூடத்தின் காற்றைக் கடன் கேட்டன.

வாளி.
வாலெரி மொள்ள, நான் சுமக்க,
வளையத்தடியில் வழுக்கி விழுந்து, எழுந்து,
எண்பதிலிருந்து இருபதுக்கு.
வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
அன்றுதான் எண்ணாமல் இருந்தேன்.

விடிந்தபின் எண்ணினேன்.
செத்தவை இருபத்தேழு.
இடம் மாறியவை இருபத்தெட்டு.
"பரிசோதனை பாழ்" என்றார் உர்மாஸ்.
காரணம் என்ற இடத்தில்
'புயல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பழைய இருபதும் வந்தவற்றைச் சில நாள் விரட்டின,
பிறகு அலுத்து விட்டுவிட்டன.
மூன்றாம் வாரம்
முதல் தொட்டியின் கீரை
நடுக்குருத்திலிருந்து பச்சை பிடித்தது.
கிழிந்த வால்களின் ஓரத்தில்
நகம்போல வெள்ளையாய் ஏதோ முளைத்தது.
அதையும் எழுதவில்லை.

போன ஞாயிறு காலை
என் தலைக்கு மேலே டிரில் சத்தம்.
மூன்றாம் மாடியில் யாரோ குடிவந்திருக்கிறார்கள்.
சுவர் அதிர்ந்து
தேநீரில் சிறு சிறு வட்டங்கள்.
கூரையைத் தட்டத் துடைப்பக்கட்டையை எடுத்தேன்.
எடுத்தவள் அப்படியே நின்று
காலடிகளை எண்ணத் தொடங்கினேன்:
ஒன்று கனமானது, ஒன்று செருப்போடு,
ஒன்று ஓடுகிறது.